மூவாயிரம் அடியில் நின்ற பேய்

துணை விமானிக்குப் பேயோட்டி என்ற பெயர் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது. விமானத்தையும் ஓட்டுகிறாள், பேயையும் ஓட்டுகிறாள் என்பது பெயர் வைத்தவர்களின் கணக்கு. விமானிகளின் சாப்பாட்டு அறைக்குள் அவள் தட்டோடு நுழைந்தால் நாலைந்து பேர் திடீரென்று குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடினார்கள். சிரிப்பைத்தான். ஒருவர் மட்டும் தைரியமாக நிமிர்ந்து, "மேடம், அந்த நாற்காலி காலியான்னு நல்லா பாத்துட்டு உக்காருங்க. யாராவது உக்காந்திருக்கப் போறாங்க," என்றார்.

"உங்க மடியில உக்காந்தாதான் சார் பிரச்சினை," என்று சொல்லிவிட்டு அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். காலைப் பயணம் ஒன்றில், புறப்பட்டு ஒரு பெரிய வட்டமடித்து, விமான நிலையத்தின் தலைக்கு மேலேயே மூவாயிரம் அடி உயரத்தில் கடக்க வேண்டும். அந்தத் திசைக்குப் போகிற விமானம் காலையில் அது ஒன்றுதான். அப்படிக் கடக்கும்போது மோதல் தவிர்ப்புப் பெட்டி, "க்ளைம்ப்! க்ளைம்ப்!" என்று கத்தியது. மேலே ஏறு, முன்னால் ஒருவன் வருகிறான் என்று பொருள். அவள் ஏறினாள். வெளியே பார்த்தால் சுத்தமான நீல வானம், ஈ காக்கா இல்லை. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் அதே கத்தல், அதே ஏற்றம், அதே நீல வானம். முதல் தடவை ஒரு பயணியின் சட்டை முழுக்கக் காப்பி. இரண்டாவது தடவை ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாக்கில் அடிபட்டவர் பேசாமல்தானே இருக்க வேண்டும்? அவர் பக்கம் பக்கமாகப் புகார் எழுதினார்.

இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அவள் மீது பரிதாபம் வரும். அதற்குக் கண் கிடையாது. வாயும் காதும் மட்டும்தான். மின்சாரம் போன மாடிப்படியில் "யாரது?" என்று நாம் குரல் கொடுப்பதில்லையா, அதைத்தான் அது நொடிக்கு ஒரு தடவை வானொலி அலையில் செய்கிறது. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒவ்வொரு விமானத்திலும் பதில் சொல்வதற்கென்றே ஒரு கருவி இருக்கும். "நான் இன்னார், இத்தனை அடி உயரத்தில் இருக்கிறேன்," என்று அது பதில் சொல்லும். பதில் வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துப் பெட்டி தூரத்தைக் கணக்கிடும். உயரத்தைப் பதிலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சொன்னவன் பொய் சொல்வானோ என்று அது ஒருநாளும் யோசிக்காது. அவ்வளவு வெள்ளை மனசு.

இன்னொரு விஷயம். பெட்டி ஏறு என்றால் ஏறித்தான் ஆக வேண்டும். தலைமை விமானி வேண்டாமென்றாலும், கட்டுப்பாட்டு அறை குறுக்கே பேசினாலும் கேட்கக் கூடாது. காரணம் எளிது. குறுகலான நடைபாதையில் எதிரெதிரே வரும் இரண்டு பேர், வழிவிடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி நெற்றியில் முட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வானத்தில் அப்படி ஆகக் கூடாது என்று இரண்டு விமானத்துப் பெட்டிகளும் தங்களுக்குள் பேசி, நீ மேலே, நான் கீழே என்று முடிவெடுத்துக்கொள்கின்றன. நடுவில் ஒரு மனிதன் புத்திசாலித்தனம் காட்டினால் நெற்றி உடையும்.

எனவே அவள் செய்தது சரி. சரியாகச் செய்தவளைப் பார்த்துத்தான் ஊர் சிரித்தது. ஏனென்றால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் எதுவும் இல்லை. பெட்டியைக் கழற்றிச் சோதித்துப் பார்த்த மின்னணுப் பட்டறையும் பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டது. மிஞ்சியது அவளுடைய நரம்பு மட்டும். அவளுக்கோ அடுத்த வாரம் கேப்டன் தேர்வு. வலப்பக்க இருக்கையிலிருந்து கேப்டனின் இடப்பக்க இருக்கைக்கு மாற அவள் பல வருடங்களாகக் காத்திருந்தாள். இடையில் இருப்பது ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூட. இன்னொரு தடவை ஒன்றுமில்லாததற்கு ஏறினால் அந்த முழம் இந்த ஜென்மத்தில் தாண்டப்படாது என்று யாரும் எழுதவில்லை; எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதில் வேடிக்கை, பெட்டியைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் அவளுடைய கணவன். அதே விமான நிலையத்தில், பழுது பார்க்கும் கொட்டகையில் அவன் மின்னணுக் கருவிகளின் பொறியாளன். கட்டுப்பாட்டு அறையில் காலை வேளையில் உட்கார்ந்திருந்ததோ அவனுடைய தங்கை. அவர்கள் குடியிருந்த அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே தங்கையின் வீடு. சாப்பாடு மட்டும் கீழே.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலமும் நாத்தனார் சமையலறை மேடைமேல் ஏறி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பாத்திரம் கழுவினான். துணை விமானி மறுநாளைக்கான சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நாளைக்குக் கல்லுளிமங்கனா வராரு?"

"ஆமா."

தேர்வாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் அதுதான். எவ்வளவு நன்றாக இறக்கினாலும் எவ்வளவு மோசமாக இறக்கினாலும் அவர் முகத்தில் ஒரு கோடு அசையாது.

"எனக்கு அவரைப் பத்திக் கவலையில்ல. பேயைப் பத்திதான் கவலை. அண்ணி, சத்தியமா சொல்றேன், எங்க திரையில ஒரு கொசு கூட இல்ல."

"உன் திரை என்னத்தக் காட்டும்? நிலையத்துக்குள்ளேர்ந்து வர பதிலையெல்லாம் குப்பைன்னு அதுவே வடிகட்டித் தள்ளிடுமே," என்றாள் துணை விமானி.

"ஆமா. நிலையத்துக்குள்ள எவன் மூவாயிரம் அடியில பறக்கப் போறான்?"

"அப்பாடா, என் பெட்டியைத் திட்டாம விட்டீங்களே," என்றான் கணவன், தட்டைத் துடைத்தபடி. "நான் பாத்துட்டேன்மா. பெட்டி தங்கம். கேக்கறவங்க காதுலதான் கோளாறு."

"நீ பேசாத. அந்த உளுத்துப்போன விமானத்தோட ஒரு கசிவக் கண்டுபிடிக்க ஒரு வாரமா முட்டிக்கிட்டிருக்க," என்றாள் மனைவி.

"அது சின்ன கசிவும்மா! சின்னதுதான் கஷ்டம். குழாய் நீளத்துக்கும் தேடணும். நாளைக்கும் அதை ஏத்தி மூவாயிரத்துல நிறுத்திட்டு டீ குடிச்சிட்டு வருவேன். வந்து பாத்தா ஊசி எவ்வளவு இறங்கியிருக்கோ, அவ்வளவு கசிவு."

இஸ்திரிப் பெட்டி சட்டைக் கழுத்தின்மேல் நின்றது.

கொட்டகை பாஷையில் "ஏத்துறது" என்றால் பறக்க வைப்பதில்லை. விமானம் தன் உயரத்தைக் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. மேலே போகப்போகக் காற்று மெலியும். அதை அளக்க விமானத்தின் விலாவில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அந்தத் துளையில் ஒரு குழாயைச் செருகிக் காற்றை மெல்ல உறிஞ்சினால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக் கொட்டகைக்குள் நிற்கிற விமானம், தான் மேலே போய்க்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். சக்கரம் தரையில் இருப்பதைச் சொல்கிற உணர்கருவியையும் சோதனைக்காக ஏமாற்றிவிடுவார்கள். உறிஞ்சுவதை மூவாயிரத்தில் நிறுத்தி அடைத்தால், அது பாட்டுக்கு மூவாயிரத்தில் நிற்கும்.

கருகல் வாசனை வந்தது. "அண்ணி, சட்டை!" என்று நாத்தனார் மேடையிலிருந்து குதித்தாள்.

"எத்தனை மணிக்கு டீ குடிப்பே?" என்றாள் துணை விமானி, சட்டையைப் பார்க்காமலே.

"எப்பவும் குடிக்கறதுதான். உன்னைக் கார்ல இறக்கி விட்டுட்டுப் போய், குழாய் மாட்டி, ஏத்தி, நிறுத்திட்டு... உன் விமானம் கிளம்பற சத்தம் கேக்கும், அப்போதான்."

"அந்த பதில் சொல்ற கருவி ஓடிக்கிட்டிருக்குமா?"

"ஓடணும். உயரத்தைச் சரியா சொல்லுதான்னு அதையும் பாக்கறோமே. ஆனா வெளிய கேக்காது. ஆன்டெனாமேல குல்லா போட்டிருப்போம். உள்ள நுரைப்பஞ்சு வெச்ச குல்லா, அலையெல்லாம் அதுக்குள்ளயே அமுங்கிடும். வயித்துல ஒண்ணு, முதுகுல ஒண்ணு." சொல்லிக்கொண்டே வந்தவன் குரல் கடைசி வார்த்தையில் தேய்ந்தது.

"முதுகுல போட்டியா?"

கணவன் திருதிருவென்று விழித்தான். ஒரு தட்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்ததை மறுபடி துடைத்தான்.

"முதுகுக் குல்லா எங்கப்பா?"

"டீ கேன் மேல."

"என்னது?"

"அந்த நுரைப்பஞ்சு சூட்டையும் பிடிக்குதும்மா. கவுத்து வெச்சா டீ சாயங்காலம் வரைக்கும் ஆறாம இருக்கு. பசங்க எடுத்து வெச்சிருந்தாங்க... முதுகுல ஏறப் பெரிய ஏணி வேற வேணும், அது பெயின்ட் அடிக்கறவங்ககிட்ட மாட்டிக்கிச்சு... கூரை இரும்புத் தகடுதானே, வெளிய போகாதுன்னு..."

"உன் கொட்டகைக் கூரையில பாதி, வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக்கு."

ஆரஞ்சுச் சுளை ஒன்று வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "அண்ணா," என்றாள் தங்கை மெதுவாக, "நீதான் பேயா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்து, முதலில் நிறுத்தியது கணவன்தான்.

"வெளிய தெரிஞ்சா என் கையெழுத்து உரிமம் போயிடும்."

"தெரியலேன்னா என் கேப்டன் போயிடும்."

"போகாது. யோசிச்சுப் பாரு. நாளைக்கு நானே ஏணி வெச்சு ஏறி முதுகுக் குல்லாவப் போடறேன். போட்டா பேய் வராது. நீ ஜம்முனு பாஸ் பண்ணு. பழைய ரெண்டு தடவையும் காரணம் தெரியலன்னு அப்படியே மறந்துடுவாங்க."

நாத்தனார் ஆரஞ்சுத் தோலைக் குப்பையில் போட்டாள். "நான் எதையும் கேக்கல. நான் இன்னிக்குக் கீழயே வரல. தலைவலின்னு படுத்துட்டேன்."

துணை விமானி கருகிய சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். காலருக்குக் கீழே கப்பல் மாதிரி ஒரு பழுப்புக் கறை. சொல்லத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்குச் சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். தேர்வு முடிந்து, கேப்டன் ஆன பிறகு, நிதானமாக.

"சரி," என்றாள். "போட்டுட்டு எனக்குப் படம் அனுப்பு."

மறுநாள் காலை, விமானத்தின் கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் படம் வந்தது. விமானத்தின் வெள்ளை முதுகு, அதன்மேல் கவிழ்த்துவைத்த குல்லா, பக்கத்தில் அவன் கட்டைவிரல். கீழே, "போட்டாச்சு கேப்டன்." அவள் போனை அணைத்துப் பையில் போட்டாள்.

இடப்பக்கத்தில் அவள், வலப்பக்கத்தில் கல்லுளிமங்கன், பின்னால் விமானம் முழுக்கப் பயணிகள். ஓடியது, எழும்பியது, வட்டமடித்தது. மூவாயிரத்தில் சமமாக நிறுத்தினாள். தண்ணீர்க் குவளை வைத்திருந்தால் ஆடியிருக்காது. வலப்பக்கத்திலிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வந்தது. அந்த மனிதரிடமிருந்து இது கைதட்டலுக்குச் சமம்.

"டிராஃபிக். டிராஃபிக்," என்றது பெட்டி. யாரோ பக்கத்தில் வருகிறான் என்ற முதல் எச்சரிக்கை.

திரையில், நேர் முன்னால், ஒரு மஞ்சள் புள்ளி. அதே உயரம்.

குல்லா போட்டாயிற்று. படம் பார்த்தாயிற்று. அப்படியென்றால் இது யார்?

"க்ளைம்ப்! க்ளைம்ப்!"

தானியங்கியை அணைத்து, மூக்கைத் தூக்கி, திரையில் பச்சையாகக் காட்டிய இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோனாள். பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். சாப்பாட்டு வண்டியிலிருந்து எதுவோ உருண்டது. வலப்பக்கத்துக்காரர் கட்டுப்பாட்டு அறைக்கு, பெட்டி சொல்லி ஏறுகிறோம் என்று அறிவித்தார். நாத்தனாரின் குரல், "சரி," என்று மட்டும் சொன்னது. அந்த ஒரு வார்த்தையிலேயே ஆயிரம் கேள்வி.

பெட்டி ஓய்ந்தது. அவர்கள் மூவாயிரத்து அறுநூறில் இருந்தார்கள். இரண்டு பேரும் கீழே எட்டிப் பார்த்தார்கள். வெயில், ஓடுபாதை, கொட்டகைக் கூரைகள். வேறொன்றுமில்லை. திரையிலோ புள்ளி இன்னும் இருந்தது, பக்கத்தில் மைனஸ் ஆறு என்ற எண்ணோடு. நமக்கு அறுநூறு அடி கீழே என்று அர்த்தம். கீழே தெரிந்த கூரைகளோடு கூரையாகப் பின்னால் நழுவியதே தவிர, தானாக எங்கும் போகவில்லை. நகராமல் நடுவானில் நிற்கிற விமானம் உலகத்தில் கிடையாது. நிற்பதற்குத் தரை வேண்டும்.

"ஒண்ணுமே இல்லையே," என்றார் கல்லுளிமங்கன். அன்று காலை அவர் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

இப்போது வாயை மூடிக்கொண்டால் மூன்றாவது தடவை. நரம்பு என்று எழுதி முடித்துவிடுவார்கள். திறந்தால் கணவன் மாட்டிக்கொள்வான். ஆனால் அவளைத் திறக்க வைத்தது இதில் எதுவுமில்லை. பத்து நிமிடத்தில் இன்னொரு விமானம் வேறு திசையிலிருந்து இறங்க வரும். அதிலும் ஒரு பெட்டி இருக்கும். அதுவும் சொன்னதை நம்பும். கீழே இறங்கு என்று அது சொல்கிற நேரத்தில் கீழே நிஜமாகவே யாராவது இருந்தால்?

வானொலிப் பொத்தானை அழுத்தினாள். "பழுது பார்க்கும் கொட்டகைக்குப் போன் பண்ணுங்க. மூவாயிரம் அடியில ஒரு விமானத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க. இறக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் யாரையும் அனுப்பாதீங்க."

பிறகு, அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை விமானங்களுக்கும் கேட்கும்படி, "அண்ணனையா?"

"ஆமா. உங்க அண்ணனைத்தான்."

கல்லுளிமங்கன் தலையைத் திருப்பினார். அவள் திரையைக் காட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் எண் அசைந்தது. மைனஸ் ஏழு. மைனஸ் ஒன்பது. உறிஞ்சிய காற்றைத் திரும்ப விடும்போது மெல்லத்தான் விட வேண்டும், அவசரப்பட்டால் கருவி கெட்டுவிடும். அதனால் பேய் பதறாமல், மரியாதையாக, படிப்படியாக இறங்கியது. மைனஸ் பதினைந்து. மைனஸ் இருபத்தைந்து.

"நல்லா இறக்கறான்," என்றார் தேர்வாளர். "யாரு ஓட்டறது?"

"என் வீட்டுக்காரர், சார்."

புள்ளி தரையைத் தொட்டு, அணைந்தது. வானொலியில் யாரோ ஒரு விமானி பொத்தானை அழுத்தி ஒரு சிரிப்புச் சிரித்தார். நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர்களுக்கு அடுத்த உயரத்தைச் சொன்னாள்.

போய்த் திரும்பி வந்து, பயணிகளெல்லாம் இறங்கியபின், கல்லுளிமங்கன் பேனாவைத் திறந்தார். "கொட்டகைதான்னு எப்போ தெரியும்?"

பொய் சொல்ல நல்ல இடம். மேலே ஏறினப்புறம்தான் புரிந்தது சார் என்றால் போதும். அவரும் அதைத்தான் எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

"நேத்து சாயங்காலம், சார். குல்லா போட்டாச்சுன்னா சரியாயிடும்னு நெனச்சு யாருக்கும் சொல்லல."

அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் காற்றிலேயே வைத்திருந்தார். "ஓட்டினதுக்குப் பாஸ். நேத்து சாயங்காலத்துக்கு ஃபெயில். எதை எழுதட்டும்?"

"ரெண்டையும் எழுதிடுங்க, சார்."

எழுதினார். இடப்பக்க இருக்கை விசாரணை முடியும்வரை தள்ளிப்போயிற்று. எழுந்து தொப்பியை எடுத்தவர் கதவருகே நின்று, "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க," என்றார், முகத்தில் ஒரு கோடும் அசையாமல். "கட்டுப்பாட்டு அறை அனுமதி இல்லாம மூவாயிரத்துல நின்னது தப்புன்னு."

கொட்டகையில் அவன் கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போடக் கூடாது என்று மதியமே சொல்லிவிட்டார்களாம். விமானத்தின் முதுகில் குல்லா அப்படியே இருந்தது. அவள் குனிந்து விமானத்தின் வயிற்றைப் பார்த்தாள். அங்கே குல்லா இல்லை. சுவரோரம் டீ கேன்மேல் இருந்தது.

"முதுகுக் குல்லாவ நான் எடுத்துட்டேனா," என்றான் அவன், தரையைப் பார்த்து. "டீ ஆறிப்போச்சுன்னு எவனோ வயித்துக் குல்லாவக் கழட்டிட்டான். அலை தரையில பட்டு மேல போயிருக்கு. நான் மேலதான் பாத்தேன், கீழ பாக்கல."

"ம்."

"இதை ரேடியோவுலயா சொல்லணும்? உலகத்துக்கே? மெக்கானிக்குங்க எல்லாம் எப்படி இருக்கீங்க கேப்டன்னு என்னைக் கேக்கறாங்க."

"உன்னையாவது கேப்டன்னு கூப்பிடறாங்களே."

அவன் நிமிர்ந்தான். "கிடைக்கலியா?"

"விசாரணைக்கு அப்புறம் பாக்கலாமாம். நேத்தே தெரியும்னு சொல்லிட்டேன்."

"ஏன் சொன்னே?"

அவள் அவன் பக்கத்தில், கருவிப்பெட்டியின் மிச்ச இடத்தில் உட்கார்ந்தாள். சட்டையில் கப்பல் கறையை மறைக்க மாட்டியிருந்த கோட்டைக் கழற்றினாள்.

"சரி, அதை விடு," என்றான் அவன். "நான்தான்னு தெரியுமில்ல? கீழ கொட்டகைதான்னு தெரியுமில்ல? ஏறாமலே நேரா போயிருந்தா ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போம்."

"ஏறித்தான் ஆகணும். சட்டம்."

"சட்டத்த விடு. உன் மனசுல என்ன நெனச்சே?"

"நீ படம் அனுப்பினியா? அதை நம்பினேன். குல்லா இருக்குன்னா அது நீ இல்ல. நீ இல்லேன்னா, முன்னால நிஜமாவே யாரோ வராங்க. அதான் ஏறினேன்."

அவன் அதை, அறுந்த கம்பியைத் தேடுகிறவன் மாதிரி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மனதுக்குள் தடவிப் பார்த்தான். எங்கும் அறுந்திருக்கவில்லை.

"என்னை நம்பினதாலயா மாட்டிக்கிட்டே?"

"ஆமா."

"இனிமே நம்பாதேன்னு சொல்லணும்போல இருக்கு."

"சொல்லிப் பாரு."

அவன் வாயைத் திறந்தான். கொட்டகைக்கு மேலே ஒரு விமானம் மூவாயிரம் அடியில் கடந்து போகிற சத்தம் கேட்டது. போய் முடியும்வரை இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறமும் அவன் சொல்லவில்லை.